ஐந்தாவது கம்பி

ஐம்பத்தாறு வயதில் ஒருவர் வீட்டுக் கூரை ஓட்டை மாற்றினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றினாலும் கேட்பதில்லை. ஆனால், ஐந்து கம்பிகள் பூட்டிய புத்தம்புதிய பேஸ் கிற்றார் ஒன்றைக் கொழும்பிலிருந்து வாங்கி வந்தால், ஊரில் கேட்காதவர்கள் இல்லை. 2024 ஆம் ஆண்டு அவ்வாறு வாங்கி வந்தவன் நான். மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பிறரிடம் "ஏன்?", "எவ்வளவு?", "யார் சொன்னது?" என்று கேட்டே பிழைத்த எனக்கு, அதே கேள்விகள் திரும்பி வந்தபோது சொல்லவேண்டிய விடை நீளமாயிருந்தது. தேநீர்க்கடையில் நின்று சொல்லி முடிக்கக்கூடியதன்று. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

பேஸ் கிற்றார் என்பது, இருக்கும்போது தெரியாமல் இல்லாதபோது தெரியவரும் வாத்தியம். 1982 இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலைக் கேட்பவர்கள் கிற்றாரைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அதன் அடியில் நடந்து செல்லும் பேஸை எடுத்துவிட்டால் பாட்டு கால் தரையில் படாமல் நிற்கும். இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனையும், ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் பேஸ் வாசித்த கீத் பீற்றர்ஸையும் இசைக்கலைஞர்கள் அறிவார்கள், பொதுமக்கள் அறியமாட்டார்கள். எங்கள் நாட்டிலும் அதே கதைதான். எழுபதுகளின் பொப்பிசை அலையில் நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் அறியாத தமிழர் இலர். அவர்களுக்குப் பின்னால் நின்று பேஸ் வாசித்தவர் யாரென்று கேட்டால் சொல்வோர் அரிது.

எண்பதுகளின் கடைசியில் எங்களிடமும் ஒரு இசைக்குழு இருந்தது. ஐந்து பேர். பாடகரும், பேஸ் வாசித்தவரும், தாளக் கிற்றார் வாசித்த நானும் தமிழர்கள். ட்ரம்ஸ் வாசித்தவரும் வயலின்காரரும் பறங்கியர்கள். மட்டக்களப்பின் பறங்கிச் சமூகத்தைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரி சொல்லவேண்டும். போர்த்துக்கேயர் 1628 இல் இங்கே கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638 இல், ஒல்லாந்தர் அதைப் பறித்துக்கொண்டனர். கோட்டை கைமாறிப் போனாலும் போர்த்துக்கேய மொழியின் கிளையொன்று இச்சமூகத்தின் வீடுகளில் தங்கிவிட்டது. தச்சு, இரும்பு வேலை, தையல், இயந்திரம் திருத்தல் என்று கைத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். அவர்களுடைய திருமண விருந்தில் கஃப்றிஞ்ஞா ஆடாமல் இரவு முடிவதில்லை. ஆறெட்டுத் தாளத்தில் சுழன்று போகும் அந்த ஆட்டந்தான் இலங்கை முழுவதற்கும் பைலாவைத் தந்த ஊற்று. நாங்கள் கோயில் திருவிழாவில் தமிழ்ப் பாட்டும் பறங்கியர் கல்யாணத்தில் பைலாவும் வாசித்தோம். வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வாசித்தோம். தோணியில் ட்ரம்ஸை ஏற்றிக் கரை கடந்த நாட்களும் உண்டு.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒருநாள் காலை சைக்கிளில் வெளியே போன எங்கள் பேஸ் வாசிப்பாளர் வீடு திரும்பவில்லை. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. குழுவும் அன்றோடு கலைந்தது.

அவருடைய கிற்றார் வீட்டிலே இருந்தது. கப்பலில் வேலைசெய்த உறவினர் ஒருவர் யப்பானிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நான்கு கம்பிப் பேஸ் அது. 1995 இல் பேச்சுவார்த்தை நடந்த சில மாதங்களில், அவருடைய தாயார் அதை என்னிடம் தந்தார். "அவன்ட சாமான். வந்து கேப்பான். அதுவரைக்கும் நீ வாசிச்சுக்கொண்டிரு மனே, சும்மா கிடந்தாப் பழுதாப் போயிரும்" என்றார். தாளக் கிற்றார்க்காரனாகிய நான் பேஸ்காரனானது அவ்வாறுதான். அந்த அம்மா மரணச் சான்றிதழ் வாங்குவதற்குக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியபோது அங்கேயும் மனுக் கொடுத்தார். 2019 இல் காலமானார். அவர் போய்விட்டார் என்பதற்காக அந்தக் கிற்றார் என்னுடையது ஆகிவிடவில்லை. அவர் தந்தது பாதுகாப்பதற்கும் வாசிப்பதற்கும் மட்டுமே.

இனி 2024 க்கு வருகிறேன். எங்கள் ட்ரம்ஸ்காரரின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவர்கள் குடியிருந்தது டச்பாரில். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது அந்தக் குடியிருப்பு எப்படியானது என்பதை மட்டக்களப்பார் அறிவர். தகப்பனின் தோளில் இருந்தபடி உயிர்தப்பிய ஐந்து வயதுக் குழந்தைதான் இன்றைய மணமகள். "வெளியால பாண்ட் பிடிக்க மாட்டன் மச்சான். நாமதான் வாசிக்கிறம்" என்று நண்பர் சொல்லிவிட்டார். மறுக்க வழியில்லை. பாடகருக்கு அறுபது வயது. கனடாவிலிருந்த வயலின்காரர் விடுமுறையில் வந்து சேர்ந்தார். ஒத்திகை தொடங்கிய முதல் மாலையே சிக்கல் வெளிப்பட்டது.

இளமையில் எங்கள் பாடகர் மூன்று கட்டைச் சுருதியில் பாடியவர். மேற்கத்தியக் கணக்கில் அது ஈ. பேஸ் கிற்றாரின் ஆகக் கீழ்க்கம்பியும் ஈ. பாட்டின் ஆதார சுருதியைத் திறந்த கம்பியில் தட்டினால் போதும்; மண்டபம் அதிரும். இப்போது அவருக்குக் குரல் ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டது. அதாவது சீ. நான்கு கம்பிப் பேஸில் அந்த அடிச் சீ கிடையாது. ஈயின் அதிர்வு விநாடிக்கு 41.2, எனக்கு வேண்டிய சீயோ 32.7. கம்பி முடிந்த இடத்துக்கும் கீழே பாட்டு இறங்கிவிட்டது. ஒரு தாயி மேலேறிச் சீயை வாசிக்கலாம், வாசித்தும் பார்த்தேன். பாட்டு வீட்டின் மேல்மாடியில் நடப்பதுபோல இருந்தது. கஃப்றிஞ்ஞாவுக்குக் கீழ்வீடு வேண்டும். ஆடுபவர்களின் குதிக்காலுக்கு அந்த ஒலி எட்டவேண்டும்.

வழிகள் மூன்று இருந்தன. முதலாவது, ஈக் கம்பியைத் தளர்த்திச் சீ வரை இறக்குவது. தளர்ந்த கம்பி மெட்டுகளில் மோதிச் சலசலக்கும், சுருதியும் நிற்காது. இரண்டாவது, நான்கு கம்பிகளையும் கழற்றிவிட்டு, ஐந்து கம்பிப் பேஸின் கீழ் நான்கு கம்பிகளைப் பூட்டி பி, ஈ, ஏ, டி என்று சுருதி சேர்ப்பது. பலர் செய்வதுதான். ஆனால், வழக்கமான ஈக் கம்பியின் தடிப்பு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 105 பங்கு. பிக் கம்பியோ 130 பங்கு வரை வரும். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி அமர்கின்ற வெட்டுகளை அரத்தால் அகலப்படுத்தினால்தான் அது உட்காரும். நண்பர் அரத்தைக்கூட எடுத்துவிட்டார். கைத்தொழில் தெரிந்தவர்; கால் மணித்தியால வேலை அது. நான் வேண்டாமென்றேன். ஏனென்று அவர் கேட்கவில்லை. அரத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். ஒருவர் திரும்பி வந்து கேட்கும்போது, அவர் விட்டுப்போனபடியே கொடுக்கவேண்டிய பொருள் அது. ஆகவே மூன்றாவது வழி: புதிதாக ஐந்து கம்பிப் பேஸ் ஒன்றை வாங்குவது.

ஐந்தாவது கம்பி நேற்று முளைத்ததன்று. லியோ ஃபெண்டர் 1951 இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டு, ஆளுயர டபிள் பேஸைத் தோளில் மாட்டும் பலகையாக்கினார். 1965 இல் அதே நிறுவனம் ஐந்து கம்பி பேஸ் ஒன்றைச் செய்தது. ஆனால் கூடுதல் கம்பியை மேல்பக்கத்தில், உயர்ந்த சுருதிக்குப் பூட்டிற்று. அது நிலைக்கவில்லை. கீழே இறங்கும் யோசனை எழுபதுகளில் வந்தது. 1975 இல் அந்தனி ஜக்ஸன் என்ற கலைஞருக்காகக் கார்ல் தொம்ஸன் ஆறு கம்பிக் கருவியைச் செய்தார். 1976 இல் ஜிம்மி ஜோன்ஸனுக்காக அலெம்பிக் நிறுவனம் அடிப் பிக் கம்பியுடன் ஐந்து கம்பிப் பேஸைச் செய்தது. எண்பதுகளில் மின்விசைப்பலகைகள் பேஸை விடக் கீழே இறங்கி ஒலிக்கத் தொடங்கியபோது, கிற்றார்க்காரர்களும் கீழே இறங்கவேண்டியதாயிற்று. அடிப் பிக் கம்பியின் அதிர்வு விநாடிக்கு 30.87. மனிதச் செவியின் கீழெல்லை ஏறத்தாழ 20.

கம்பிகளின் தொகை கூடுவதும் குறைவதும் தமிழருக்குப் புதிதன்று. பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகாரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அழிந்துபோன அந்த யாழைக் கணிதத்தால் மீட்க முயன்றவர் எங்கள் மண்ணின் மைந்தர். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கல்லடி உப்போடையில் அவருடைய சமாதி இருக்கிறது. மட்டக்களப்பு வாவியில் நிலவு நாட்களில் கேட்கும் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கற்பனை செய்து கவிதை எழுதியவரும் அவரே.

அந்த வாவியிசை பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். பிக்கப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயருக்குக் காரணமான அந்த ஒலியைத் தோணியில் அமர்ந்து சும்மா கேட்டால் மெல்லியதாகத்தான் இருக்கும். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு வைத்தால் தெளியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கில அதிகாரி எமர்சன் ரெனன்ற், தோணியின் மரப்பலகையில் காதை வைத்தபோது ஒலி பெருகியதாக 1859 இல் வெளியான தம் நூலில் பதிந்திருக்கிறார். இடத்துக்கு இடம் ஒலி வேறுபட்டதையும் குறித்தார். எழுப்புவது மீனன்று, ஊரி என்று கரையோர மக்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எதுவானாலும், ஒலி ஒன்றே. எங்கே காதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே கேட்பது மாறுகிறது.

பேஸ் கிற்றாரில் பிக்கப் என்பது கம்பிக்குக் கீழே வைத்த காது. காந்தத்தைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான தடவை சுற்றியிருப்பார்கள். மேலேயுள்ள உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் குலைந்து, செப்புச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அம்ப்ளிபயர் அதைப் பெருக்கும். வேறு மாயமில்லை. ஆனால், ஒரு கம்பி ஒரே விதமாக அதிர்வதில்லை. முழு நீளத்திலும் ஆடும்; அதே வேளையில் இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பிரிந்தும் ஆடும். முழு ஆட்டம் அடிச் சுரம். பிரிந்த ஆட்டங்கள் அதன் மேற்சுரங்கள். கழுத்துப் பக்கம் காதை வைத்தால் அடிச் சுரம் தடிப்பாகக் கேட்கும். கம்பி கட்டப்பட்டிருக்கும் பாலத்தின் பக்கம் வைத்தால், அங்கே முழு ஆட்டம் சிறுத்துவிடுவதால் மேற்சுரங்கள் மேலோங்கும். ஒலி மெலியும், ஆனால் கூர்மையாகும்.

செய்தித் தொழிலிலும் இதையே கண்டேன். ஒரே சம்பவத்தைக் கச்சேரியில் நின்று கேட்டால் ஒருவிதம், படுவான்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டால் வேறுவிதம். இரண்டும் அதே கம்பிதான்.

கொழும்பில் ஒரு கடையில் மூன்று கருவிகளை முழுப் பகலும் மாற்றி மாற்றி வாசித்தேன். 2022 க்கு முன் 200 ரூபாயளவில் நின்ற டொலர் அவ்வாண்டில் 360 ஐத் தாண்டி, 2024 இல் 300 அளவில் இறங்கி நின்ற காலம். இரண்டு மாத வருமானத்துக்கு மேல் கொடுக்கும்போது அரை நாளில் முடிவெடுக்கலாகாது. கடைப் பையன் பொறுமைசாலி. தொலைபேசியில் பழைய கிற்றாரின் படத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதைக் கொண்டுவந்து தாங்க, நல்ல விலை போட்டுக் கழிச்சுத் தாறன். இப்ப இதுக்கு ஆள் இருக்கு" என்றான். அது விற்பதற்கில்லை தம்பி என்றேன். அவனும் மேலே கேட்கவில்லை.

முதலாவது கருவியில் நடுவே பிளந்த பிக்கப் ஒன்றும், பாலத்தருகே ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றும் இருந்தன. பிளந்த பிக்கப்பை ஃபெண்டர் நிறுவனம் 1957 இல் கொண்டுவந்தது. ஒரே பெட்டியை இரண்டாக வெட்டிச் சற்று முன்பின்னாக வைத்ததுபோல் இருக்கும். எங்கள் பழைய யப்பான் பேஸிலும் அதுவேதான். ஆகையால் காதுக்கு உறவினர் வீட்டுக்குப் போனதுபோல இருந்தது. நடுத்தர ஒலி நிறைவாக, குழுவுக்குள் இடம்பிடித்து உட்காரும் ஒலி. ஆனால் அடிப் பிக் கம்பியில் மட்டும் அது தன் தெளிவை இழந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

இரண்டாவது கருவியில் ஒற்றைச் சுருள் பிக்கப்கள் இரண்டு. 1960 இல் வந்த ஜாஸ் பேஸின் வழி. இதன் சிறப்பு கலவையில் இருக்கிறது. கழுத்துப் பக்கத்தை மட்டும் திறக்கலாம், பாலத்துப் பக்கத்தை மட்டும் திறக்கலாம், இரண்டையும் கலக்கலாம். ஜாக்கோ பஸ்ரோரியஸ் என்ற மேதை பாலத்துப் பிக்கப்பைக் கொண்டே பேஸைப் பாடவைத்தவர். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடுவிலுள்ள சில அதிர்வுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தனியே கேட்க அழகாயிருக்கும், குழுவுக்குள் சற்றுப் பின்வாங்கிவிடும். ஒன்றை மட்டும் திறந்தாலோ, வேறொரு விருந்தாளி வந்து அமர்ந்துவிடுவார். அவர் பெயர் இரைச்சல்.

இந்த இரைச்சலைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அதிர்வை மட்டும் கேட்பதில்லை. அறையிலுள்ள மின்சாரத்தையும் கேட்கிறது. எங்கள் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. பேஸின் ஈக் கம்பியில் மூன்றாம் மெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரத்தின் அதிர்வு 49. ஆகவே அந்த இரைச்சல் ஜிக்கு அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு மேலே, சுருதி கலையாத பேஸின் நடுவே, சுருதி பிசகிய இன்னொரு பேஸாக நிற்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60. அங்கே வேறு சுரத்தில் நின்று தொல்லை தரும். நல்ல கட்டடத்தில், நல்ல நிலக்கம்பி இணைப்பில் இது பெரிதாகத் தெரியாது. எங்கள் மேடைகளோ ஜெனரேற்றர், குழல்விளக்கு மாலை, பந்தல்காரர் இழுத்த நீண்ட வயர் ஆகியவற்றால் ஆனவை.

இதற்கு மருந்து கண்டவர் கிப்ஸன் நிறுவனத்தில் வேலைசெய்த செத் லவர். 1955 இல் அவர் வகுத்த ஹம்பக்கரில் சுருள்கள் இரண்டு, ஒன்று நேராகச் சுற்றியது, மற்றது எதிராகச் சுற்றியது, காந்தங்களும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து அழிந்துவிடும். கம்பியின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளும். பிளந்த பிக்கப்பும் இதே தத்துவத்தில்தான் இரைச்சலை ஒழிக்கிறது. ஜாஸ் வகையின் இரண்டு பிக்கப்களும் பொதுவாக எதிரெதிராகச் சுற்றப்பட்டவையாதலால், இரண்டையும் சமமாகத் திறக்கும்போது மட்டும் இரைச்சல் அடங்கும். 1976 இல் லியோ ஃபெண்டர் பங்கெடுத்து வெளிவந்த மியூசிக் மான் ஸ்ரிங்ரேயில் பாலத்துக்குச் சற்று முன்னால் பெரிய ஹம்பக்கர் ஒன்றை வைத்தார்கள். அதன் ஐந்து கம்பி வடிவம் 1987 இல் வந்தது.

நான் வாசித்த மூன்றாவது கருவியில் ஹம்பக்கர்கள் இரண்டு இருந்தன. அடிப் பிக் கம்பியைத் தட்டியபோது முதன்முறையாக அது ஒரு சுரமாகக் கேட்டது. காரணம் இருக்கிறது. எங்கள் மேடை ஒலிபெருக்கிகள் 31 அதிர்வுள்ள ஒலியை உண்மையில் எழுப்புவதேயில்லை. அவற்றிலிருந்து வருபவை அதன் மேற்சுரங்களான 62 உம் 93 உம் அதற்கு மேலும்தான். மேற்சுரங்கள் ஒழுங்காகக் காதில் விழுந்தால், இல்லாத அடிச் சுரத்தை மனித மூளை தானே கட்டி எழுப்பிக்கொள்கிறது. ஆகவே ஐந்தாவது கம்பிக்குத் தேவைப்படுவது வெறும் தடிப்பன்று, தெளிந்த மேற்சுரம். பாலத்துப் பக்கம் ஒரு காது அவசியம். கழுத்துப் பக்கத்தை மட்டும் நம்பி ஐந்து கம்பி வாங்குபவர், வீட்டில் நிறைவாகவும் மேடையில் சேறாகவும் கேட்பார் என்பது என் துணிபு.

ஒரு தடை மிஞ்சியது. அந்தக் கருவிக்குள் ஒன்பது வோல்ற் பற்றரி ஒன்றில் இயங்கும் சுற்று இருந்தது. அடி, நடு, உச்சி ஒலிகளைக் கருவியிலேயே கூட்டிக் குறைக்கலாம். நீண்ட வயரிலும் ஒலி தேயாது. இளைஞர்களுக்கு இது வசதி. எனக்கோ பற்றரி என்ற சொல்லே வேறொரு காலத்தைக் கொண்டுவந்தது. பற்றரிக்குத் தடையும் கட்டுப்பாடும் இருந்த ஆண்டுகள் அவை. கறுப்பு நீள்பெட்டி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சோதனைச்சாவடியைக் கடப்பது என்றால் முதலில் தூரத்திலேயே இறங்கவேண்டும். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து பின்வாங்கி நிற்கவேண்டும். உள்ளே இருப்பது வெறும் மரமும் கம்பியும் என்று காட்டிய பிறகுதான் மூச்சு வரும். அதற்குள் வயரும் பற்றரியும் சேர்ந்து இருந்திருந்தால் விளக்கம் சொல்லியிருக்க முடியாது. பற்றரி இல்லாத கிற்றார்தான் நல்ல கிற்றார் என்பது என் தலைமுறையின் கைகளில் ஏறிய பாடம்.

தொலைபேசியில் ட்ரம்ஸ்கார நண்பரிடம் சொன்னேன். "யுத்தம் முடிஞ்சு பதினைஞ்சு வருசமாச்சு மச்சான். பற்றரி இப்ப பெட்டிக்கடையிலயும் கிடக்கு. நீ இன்னும் செக்பொயின்றிலயா நிக்கிறாய்?" என்றார். சிரித்தோம். அந்தக் கருவியில் பற்றரிச் சுற்றை விலக்கி நேரடியாக வாசிக்க ஒரு சிறு விசை இருந்தது. பற்றரி மேடையில் செத்தாலும் ஒலி நிற்காது. அந்த விசைக்காகவே அதை எடுத்தேன் என்றாலும் பிழையில்லை.

வாங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். கம்பியின் நீளம் 34 அங்குலமா 35 அங்குலமா என்று பாருங்கள். நீளம் கூடினால் பிக் கம்பி இறுகி நிற்கும், ஆனால் கையை அதிகம் விரிக்கவேண்டும். ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையைத் தோளில் மாட்டி அரை மணித்தியாலம் நின்று பார்க்காமல் பணம் கொடுக்கவேண்டாம். கடையில் முதலில் பிக் கம்பியின் ஐந்தாம் மெட்டையும் திறந்த ஈக் கம்பியையும் மாறிமாறி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரம், ஒரே ஆள் பேசுவதுபோல் கேட்கவேண்டும். பிக்கப்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, இரைச்சலைக் கேளுங்கள். பழைய நான்கு கம்பிக்காரர்கள் வலக்கைப் பெருவிரலை எங்கே வைப்பதென்று புதிதாகப் பழகவேண்டும். வாசிக்காத கம்பிகள் தாமாக முனகும், விரலால் அவற்றை அடக்கவேண்டும். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

திருமணத்தன்று பாடகர் ஒரு கட்டையில் பாடினார். வயலின் கஃப்றிஞ்ஞாவைத் தொடங்கியதும் இணைகள் எழுந்தன. நான் பிக் கம்பியின் முதல் மெட்டில் சீயை அழுத்தினேன். ட்ரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். மணமகள் தகப்பனின் குச்சியைப் பிடித்து இழுத்து ஆட அழைத்தபோது, தாளத்தை வயலின்காரரின் மருமகன் எடுத்துக்கொண்டான். குழு நிற்கவில்லை.

வாவியோரத்து உப்புக்காற்று உருக்குக் கம்பியை எளிதில் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு கிற்றார்களையும் வெளியே எடுக்கிறேன். புதியதைத் துடைத்து, பற்றரியைச் சோதித்து வைக்கிறேன். பழையதைத் துடைத்து, நான்கு கம்பிகளுக்கும் சுருதி சேர்த்து, மூன்று கட்டையில் ஒரு பாட்டு வாசித்துவிட்டு, பெட்டிக்குள் வைக்கிறேன்.